வகுப்பறையில் தொழில்நுட்பம்: ஓர் ஆசிரியர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

முன்னுரை

ஒரு வகுப்பறைக் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். அறிவியல் ஆசிரியர் நிலவின் பிறைகளைப் பற்றிய பாடத்தை எடுக்க வருகிறார். சன்னல்களைச் சாத்திவிட்டு, புரொஜெக்டரை இயக்கி, பிறைகள் வளர்வதையும் தேய்வதையும் காட்டும் ஐந்து நிமிடக் காணொளியைத் திரையிடுகிறார். வகுப்பு அமைதியாகிறது. கடைசி வரிசைப் பிள்ளைகளும் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். காணொளி முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்கிறார். "புரிந்தது ஐயா" என்று ஒரே குரலில் பதில் வருகிறது.

மறுநாள் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "பிறை ஏன் தோன்றுகிறது?" பலர் எழுதும் பதில், "பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவதால்" என்பதே. இது தவறான விடை. பூமியின் நிழலால் உண்டாவது சந்திர கிரகணம். காணொளியில் சரியான விளக்கம்தான் இருந்தது. பிள்ளைகளும் கவனமாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் அவர்கள் மனத்தில் முன்பே இருந்த தவறான கருத்து அசையாமல் அப்படியே இருக்கிறது.

பிறைகளுக்குப் பூமியின் நிழலே காரணம் என்ற எண்ணம் உலகின் பல நாடுகளிலும் மாணவர்களிடமும் பெரியவர்களிடமும் காணப்படுவது. அதை ஒரு காணொளி ஏன் மாற்றவில்லை? எது மாற்றும்? வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றிய விவாதத்தின் மையம் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

மணலும் ஒரு தொழில்நுட்பமே

தொழில்நுட்பம் என்றதும் கணினியும் கைப்பேசியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பனையோலை, எழுத்தாணி, சிலேட்டு, கரும்பலகை எல்லாம் அவை வந்த காலத்தில் புதிய கருவிகளாகவே இருந்தன. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி எழுத்துப் பழகினார்கள். தாள் வேண்டாம், மை வேண்டாம். தவறினால் அழித்துவிட்டு உடனே மறுபடி எழுதலாம்.

இந்த மணல் உலகக் கல்வி வரலாற்றில் இடம்பெற்றது. 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அருகில் இருந்த நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்ட அவர், தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் அது நடக்காது என்றார்கள். பெல் அந்தப் பொறுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கொடுத்தார். சிறுவன் தன்னிலும் இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தான். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறையாக முன்பே இருந்ததுதான். பெல் 1797இல் இலண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே மணல்தான், நம்பிக்கையில்லாத ஆசிரியர்கள் கையில் அது பயன்படவில்லை, கற்பிக்க முன்வந்த சிறுவன் கையில் பயன்பட்டது. எந்தக் கருவியும் அதைக் கையாளும் மனிதரைப் பொறுத்தே கல்விக்கு உதவுகிறது.

வாக்குறுதிகளின் வரலாறு

1913இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தாமஸ் ஆல்வா எடிசன், பள்ளிகளில் புத்தகங்களின் இடத்தைத் திரைப்படம் பிடித்துவிடும் என்றும், பத்தே ஆண்டுகளில் பள்ளி முறை முழுவதும் மாறிவிடும் என்றும் கூறினார். அப்படி நடக்கவில்லை. அதன்பின் வானொலி, தொலைக்காட்சி, கணினி என ஒவ்வொன்றும் வந்தபோது இதே போன்ற எதிர்பார்ப்பு எழுந்தது. அமெரிக்கக் கல்வி வரலாற்றாளர் லாரி கியூபன் 1986இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்தச் சுழற்சியை விளக்குகிறார். முதலில் பெரும் ஆர்வம், பிறகு ஆய்வுகள், பிறகு ஏமாற்றம், இறுதியில் ஆசிரியர்கள் மாற மறுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. உண்மையில் ஆசிரியர்கள் தங்கள் அன்றாட வேலைக்கு எது எளிதில் பொருந்துகிறதோ அதை ஏற்றார்கள். கரும்பலகை நிலைத்ததற்குக் காரணம் அதுவே. மின்சாரம் நின்றாலும் அது வேலை செய்யும்.

இந்தியாவில் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை 'சைட்' எனப்பட்ட செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடந்தது. நாசாவின் செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே 'எஜுசாட்' செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. கைப்பேசியால் அவற்றை வருடினால் பாடம் தொடர்பான காணொளிகள் திறக்கும். 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன் வகுப்பறைகளும் அடுத்தடுத்து வந்தன. ஆகவே, கருவி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இன்று இல்லை. கருவி வகுப்பறைக்குள் வந்துவிட்டது. அதைக் கொண்டு என்ன செய்வது என்பதே கேள்வி.

ஆய்வுகள் சொல்வது என்ன?

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் கிராமப்புறப் பள்ளிகளுக்குக் கணினிகள் தரப்பட்டன. 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மாணவர்களின் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று கண்டது. கணினி வந்தது, ஆனால் கற்பிக்கும் முறை மாறவில்லை.

இதற்கு எதிரான முடிவும் உண்டு. டெல்லியில் பள்ளி நேரத்திற்குப் பிந்தைய மையங்களில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைக் கொண்டு கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. நாலரை மாதங்களில் மாணவர்கள் கணிதத்திலும் இந்தியிலும் நன்கு முன்னேறியிருந்தார்கள். காரணம் தெளிவானது. மாணவர்களில் பலர் தங்கள் வகுப்பின் பாடத்திட்டத்திற்குச் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தனர். மென்பொருள் ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறார் என்று கண்டறிந்து, அங்கிருந்து பயிற்சியைத் தொடங்கியது. மையத்தில் பாதி நேரம் மட்டுமே கணினி. மீதிப் பாதி ஓர் உதவியாளருடன் சிறு குழுவாகக் கற்கும் நேரம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒருவரால் செய்ய இயலாத ஒன்றைக் கருவி செய்தபோது பலன் கிடைத்தது. ஆசிரியர் முன்பே செய்து வந்ததைத் திரைக்கு மாற்றியபோது பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

கவனம் வேறு, கற்றல் வேறு

திரையைக் கண்டு வகுப்பு அமைதியாவதைப் பாடம் புரிந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொள்வது எளிதில் நேரும் பிழை. கற்றல் பற்றிய உளவியல் ஆய்வுகள் இதில் மூன்று செய்திகளைத் தருகின்றன.

முதலாவது, நம் செயல்படு நினைவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் சில செய்திகளையே அது தாங்கும். படமும் பேச்சும் சேர்ந்து வந்தால் கற்பது எளிதாகிறது என்று காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர். ஆனால் திரையில் நீண்ட பத்தியை எழுதிவைத்து, அதையே ஆசிரியர் வாய்விட்டுப் படித்தால் கற்றல் குறைகிறது என்பதும் அவர் கண்டதே. கண்ணும் காதும் ஒரே செய்திக்காகப் போட்டியிடுகின்றன. பின்னணி இசையும் துள்ளும் எழுத்துகளும் இந்தச் சுமையைக் கூட்டுகின்றன.

இரண்டாவது, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போதுதான் அறிவு உறுதிப்படுகிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தியிருந்தார்கள். காணொளியை இரண்டாம் முறை ஓட்டுவதைவிட, அதை நிறுத்திவிட்டு "இதுவரை பார்த்ததை மூன்று வரியில் எழுதுங்கள்" என்பது பயனுள்ளது.

மூன்றாவது, மனத்தில் உள்ள தவறான கருத்து வெளியே வராதவரை சரியான விளக்கம் அதன்மேல் வந்து அமர்வதில்லை. மாணவர் முதலில் தன் கணிப்பைச் சொல்ல வேண்டும். அந்தக் கணிப்பு பொய்யாவதை அவரே காண வேண்டும்.

மீண்டும் நிலவுக்கு

இந்தச் செய்திகளைக் கொண்டு அதே பாடத்தை வேறு வகையில் நடத்தலாம்.

பாடம் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன், வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துவரச் சொல்கிறார் ஆசிரியர். அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையை மாலையில் பார்த்து, அது எந்தத் திசையில் இருந்தது, சூரியன் எங்கே மறைந்தது என்று குறிக்க வேண்டும். பிள்ளைகள் பார்க்கிறார்கள். பிறை மேற்கே இருக்கிறது. சூரியனும் மேற்கேதான் மறைந்தது.

வகுப்பில் கேள்வி வருகிறது: "பூமியின் நிழல் சூரியன் இருக்கும் பக்கம் விழுமா, எதிர்ப்பக்கம் விழுமா?" எதிர்ப்பக்கம்தான். அப்படியானால் சூரியன் இருக்கும் பக்கத்திலேயே இருக்கும் மூன்றாம் பிறைமேல் பூமியின் நிழல் எப்படி விழ முடியும்? வகுப்பு திகைக்கிறது. இந்தத் திகைப்பில்தான் கற்றல் தொடங்குகிறது.

அடுத்து, இருட்டிய அறையின் ஒரு பக்கத்தில் ஒரு பல்பு எரிகிறது. அது சூரியன். ஒரு மாணவி கையை நீட்டி ஒரு வெள்ளைப் பந்தைப் பிடிக்கிறாள். அது நிலா. அவள் தலைதான் பூமி. பல்பை நோக்கி நின்றால் பந்தின் இருண்ட பக்கமே தெரிகிறது, அது அமாவாசை. மெல்ல இடப்பக்கமாகத் திரும்பினால் பந்தின் ஓரத்தில் ஒளிக்கீற்று தோன்றி வளர்கிறது. பல்புக்கு முதுகைக் காட்டும்போது அவள் தலையின் நிழல் பந்தின்மேல் விழுகிறது. பந்தைச் சற்று உயர்த்தினால் நிழல் விலகி முழு ஒளி கிடைக்கிறது, அது பௌர்ணமி. நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை என்பதையும் அந்தப் பந்தே விளக்கிவிடுகிறது.

இதற்குப் பிறகு புரொஜெக்டர் தேவைப்படுகிறது. 'ஸ்டெல்லேரியம்' போன்ற இலவச வானியல் மென்பொருளில் காலத்தை வேகமாக ஓட்டி, 29.5 நாள் சுழற்சியைச் சில நிமிடங்களில் காட்டலாம். பூமிக்கு வெளியே நின்று பார்ப்பது போன்ற அசைபடத்தைக் காட்டி, இடையில் நிறுத்தி, "அடுத்து என்ன பிறை வரும்?" என்று கேட்கலாம். அதே காணொளி, அதே திரை. ஆனால் இப்போது பிள்ளைகள் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டு பார்க்கிறார்கள்.

கருவி எங்கே உண்மையில் உதவும்?

கண்ணால் காண முடியாதவற்றைக் காட்டுவதில் திரைக்கு இணை இல்லை. இதயத்தின் அறைகளில் இரத்தம் ஓடுவது, மின்சுற்றில் மின்னோட்டம், மூலக்கூறுகளின் அசைவு ஆகியவற்றைக் கரும்பலகைப் படம் நிறுத்தியே காட்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபெட்' என்ற இலவசப் பாவனைச் செயலிகளில் மாணவரே மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். 'ஜியோஜீப்ரா' மென்பொருளில் முக்கோணத்தின் உச்சியை எவ்வளவு இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே இருப்பதைக் காணலாம்.

எல்லாரிடமிருந்தும் விடை பெறுவதிலும் கருவி உதவும். வழக்கமாகக் கை தூக்கும் நால்வரே பதில் சொல்வார்கள். 'பிளிக்கர்ஸ்' என்ற செயலியில் மாணவர்களுக்குக் கைப்பேசி தேவையில்லை. ஒவ்வொருவர் கையிலும் அச்சிட்ட அட்டை ஒன்று இருக்கும். அட்டையை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுவே அவர்கள் விடை. ஆசிரியரின் ஒரு கைப்பேசி எல்லா அட்டைகளையும் படித்து, யார் எங்கே தவறினார் என்று காட்டிவிடும். கூச்சப்படும் பிள்ளையின் தவறும் யாரும் சிரிக்காமல் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குத் தொழில்நுட்பம் கல்வியின் வாசலாகவே இருக்கிறது. 'என்விடிஏ' என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழ்ப் பாடத்தையும் படித்துக் காட்டும். ஆனால் பாடம் ஒருங்குறியில் இருக்க வேண்டும். இங்கே ஆசிரியர்கள் நன்கறிந்த ஒரு சிக்கல் வருகிறது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். திரைவாசிப்பானும் அதை அப்படியே படிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றது. தமிழ்99 விசைப்பலகையை ஆசிரியரும் மாணவரும் பழகிக்கொள்வது சிறிய செயலாகத் தோன்றினாலும், அதன் பலன் நீண்ட காலம் நிற்கும்.

யார் விடுபடுகிறார்கள்?

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகளுக்கு, தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பினார்கள். இடையில் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுக்களும் பாடத்தைக் கொண்டுசென்றன. அவை இல்லாவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஆனால் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் யாருக்கு முதலில் என்ற கேள்வி. ரீசார்ஜ் தீர்ந்துவிட்டால் அந்த வாரப் பாடம் இல்லை. குழுவில் வீட்டுப்பாடம் அனுப்பாத பெயர்களைப் பார்த்து, "இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று முடிவுசெய்வது எளிது. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வந்தவை என்று ஆசிரியருக்குத் தெரியும்.

இழந்ததை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தன்னார்வலர்களைத் தெருக்களுக்கு அனுப்பியது. பிள்ளைகளின் வீட்டருகே மாலை நேரத்தில் ஒருவர் அமர்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டார். திரையால் நிரப்ப முடியாத இடைவெளியை நிரப்ப மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

ஆகவே வகுப்பறைக்கு வெளியே கைப்பேசி தேவைப்படும் எந்தப் பணியையும் கொடுக்கும்முன், அது இல்லாத பிள்ளைக்கு மாற்றுவழி என்ன என்று ஆசிரியர் முடிவுசெய்திருக்க வேண்டும். அச்சிட்ட ஒரு தாள், பள்ளியிலேயே அரைமணி நேரம், பக்கத்து வீட்டுத் தோழனோடு இணைந்து செய்வது என வழிகள் உண்டு.

ஆசிரியரின் நேரம்

தொழில்நுட்பம் ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் என்பதும் ஒரு வாக்குறுதி. வினாத்தாள் தயாரிப்பு, மதிப்பெண் தொகுப்பு போன்றவற்றில் அது உண்மையே. ஆனால் வருகை, தேர்வு, நலத்திட்டம் என ஒவ்வொன்றுக்கும் விவரங்களைப் பதிய வேண்டியிருந்தால், காலை முதல் பாடவேளை செயலியோடும் இணைய வேகத்தோடும் போராடுவதில் கழியும். அந்த நேரம் ஒரு பிள்ளை தடுமாறி வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய நேரம். எந்தப் புதிய செயலியையும் மதிப்பிடும்போது அது தரும் தகவலோடு அது எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கணக்கிட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின் கட்டுரை, கடிதம், கணக்கு எல்லாவற்றுக்கும் நொடியில் விடை கிடைக்கிறது. விடை சரளமான தமிழில் இருப்பதாலேயே அது சரி என்று தோன்றும். இல்லாத நூலையும் தவறான ஆண்டையும் இது தயங்காமல் சொல்லக்கூடும். தடைசெய்வது மட்டும் போதாது. ஒரு குறளுக்கு அது தந்த உரையை வகுப்பில் காட்டி, பரிமேலழகர் உரையோடும் மு. வரதராசனார் உரையோடும் ஒப்பிட்டுப் பிழைகளைக் குறிக்கச் சொல்லலாம். அப்போது மாணவர் நூலைத் திறந்தே ஆக வேண்டும். அதேபோல் வீட்டில் எழுதிவந்த கட்டுரையைப் பற்றி வகுப்பில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னால், எழுதியது யார் என்பது தானே தெரிந்துவிடும்.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

ஒரு கருவியைப் பாடத்தில் சேர்க்கும்முன் ஆசிரியர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளக்கூடியவை இவை:

1. இந்தப் பாடத்தில் மாணவர் எங்கே தடுமாறுவார்? கருவி அந்த இடத்தில் உதவுகிறதா, வேறு எங்கோ அழகு சேர்க்கிறதா?

2. கருவி இயங்கும்போது மாணவர் என்ன செய்கிறார்? கணிக்கிறாரா, எழுதுகிறாரா, விவாதிக்கிறாரா, வெறுமனே பார்க்கிறாரா?

3. சுண்ணக்கட்டி, பந்து, விதை, வானம் ஆகியவற்றால் இதையே இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா?

4. கைப்பேசி இல்லாத பிள்ளை இதில் எங்கே நிற்கிறார்?

5. மின்சாரமோ இணையமோ நின்றால் பாடம் தொடருமா?

6. புரிந்தது என்பதை நாளை எந்த ஒரு கேள்வியால் அறியலாம்?

முடிவுரை

ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கல்வித் தொழில்நுட்பம் யாருடைய விருப்பப்படி பயன்படுகிறது என்ற கேள்வியையே தலைப்பில் எழுப்பியது. கொள்கை வகுப்போர் அந்தக் கேள்விக்குத் தங்கள் அளவில் விடை தேடுவார்கள். வகுப்பறைக்குள் அதற்கு விடை சொல்பவர் ஆசிரியர்தான். காணொளியை எப்போது ஓட்டுவது என்பதும், எந்த நொடியில் நிறுத்துவது என்பதும் அவர் கையில் இருக்கிறது. அப்படி நிறுத்தும் நொடியில், கடைசி வரிசையில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கும் வேலை எந்தக் கருவிக்கும் ஒப்படைக்கப்படவில்லை. அன்று மணல் பரப்பிய திண்ணையிலும் இன்று திரை ஒளிரும் அறையிலும் பாடம் தொடங்குவது அந்தக் கேள்வியிலிருந்துதான்.